பழைய கணினி விளையாட்டுகளை டேப்லெட்டில் இயக்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1980களிலும் 1990களிலும் மேசைக் கணினிகளுக்காக எழுதப்பட்ட விளையாட்டுகளை இன்றைய டேப்லெட்டில் ஆட விரும்புவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தந்திருக்கிறேன். பெரும்பாலானவை டாஸ் விளையாட்டுகளைப் பற்றியவை; டாஸ் என்பது விண்டோஸ் பரவுவதற்கு முன் ஐபிஎம் வகைக் கணினிகளில் கட்டளைகளைத் தட்டி இயக்கிய இயங்குதளம். விளையாட்டு திரையில் தெரிந்துவிட்டாலே வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஓடிய கணினியின் வேகம், திரையின் வடிவம், ஒலி அட்டை, விரலுக்கு எட்டிய விசைகள் ஆகிய நான்கும் திரும்பக் கிடைத்தால்தான் அதைப் படைத்தவர்கள் தந்த விளையாட்டை நாம் ஆடுகிறோம் என்பது என் உறுதியான கருத்து. அதனால் அமைப்புகளைப் பற்றிய விடைகள் மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

பழைய விளையாட்டு டேப்லெட்டில் நேரடியாக ஏன் ஓடுவதில்லை? எமுலேட்டர் என்ன செய்கிறது?

டாஸ் விளையாட்டுகள் இன்டெலின் எக்ஸ்86 வகை பிராசஸருக்கான கட்டளைகளால் ஆனவை. டேப்லெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது ஏஆர்எம் வகை பிராசஸர். அதற்கு அந்தக் கட்டளைகள் புரியா. மொழி வேறுபாடு மட்டுமே தடை என்றால் மொழிபெயர்ப்போடு வேலை முடிந்திருக்கும். ஆனால் அக்கால விளையாட்டுகள் இயங்குதளத்தின் உதவியை அதிகம் நாடாமல் வன்பொருளோடு நேரடியாகப் பேசின. 320×200 புள்ளிகளும் 256 நிறங்களும் கொண்ட விஜிஏ என்ற அக்காலத் திரைமுறையில் ஒரு புள்ளியை வரைய வேண்டுமென்றால், நினைவகத்தின் குறிப்பிட்ட இடத்தில் இருந்த 64,000 பைட்டுகளில் ஒன்றை நிரலே மாற்றிவிடும். ஒலி வேண்டுமென்றால் ஒலி அட்டையின் ‘போர்ட்’ எண்ணுக்குத் தானே எண்களை அனுப்பும். எமுலேட்டர் என்பது அந்தப் பிராசஸர், திரை அட்டை, ஒலி அட்டை, கடிகாரச் சில்லு, விசைப்பலகை ஆகிய அனைத்தையும் மென்பொருளாகவே நடித்துக் காட்டும் செயலி. தான் பழைய கணினியில்தான் இருக்கிறோம் என்று விளையாட்டு நம்பும்படி அது நடிக்க வேண்டும்.

டாஸ்பாக்ஸ், ஸ்கம்விஎம், ரெட்ரோஆர்ச் என்று பல பெயர்கள் சொல்லப்படுகின்றனவே, எனக்கு எது வேண்டும்?

உங்கள் விளையாட்டு எந்த வகை என்பதே இதைத் தீர்மானிக்கும்.

சுட்டித் தொட்டு ஆடும் சாகச விளையாட்டு என்றால் முதலில் ஸ்கம்விஎம்மைப் பாருங்கள். 2001இல் தொடங்கிய இத்திட்டம் கண்டிப்பான பொருளில் எமுலேட்டரே அல்ல. லூகாஸ்ஆர்ட்ஸ் போன்ற நிறுவனங்களின் விளையாட்டுகளை ஓட்டிய இயந்திர நிரலைப் புதிதாக எழுதி, படம், ஒலி, உரையாடல் ஆகிய தரவுகளை மட்டும் பழைய கோப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளும் செயலி அது. பழைய பிராசஸரை நடிக்க வேண்டிய தேவை இல்லாததால் வேகத்தைத் திருத்தும் வேலையும் இல்லை, மின்கலமும் மெதுவாகவே கரைகிறது. உங்கள் விளையாட்டு அதன் பட்டியலில் இருக்குமானால் வேறு வழியைத் தேடத் தேவையில்லை.

மற்ற டாஸ் விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ். 2002 முதல் வெளிவரும் இதன் நிரல் திறந்த மூலமாக இருப்பதால் அதிலிருந்து பல கிளைகள் பிறந்தன. ஆண்ட்ராய்டுக்கான மேஜிக் டாஸ்பாக்ஸும் ஐபேடுக்கான ஐடாஸும் அந்த வழியில் வந்தவை. ரெட்ரோஆர்ச் என்பது பல எமுலேட்டர்களை ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் செயலி. அதற்குள் டாஸ்பாக்ஸ் பியூர் என்ற கிளையை நிறுவிக்கொள்ளலாம். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த டாஸ்பாக்ஸ் பியூரைத்தான். விளையாட்டின் கோப்புறையை ஒரு ஜிப் கோப்பாகச் சுருக்கி அதனிடம் கொடுத்தால், உள்ளே இருக்கும் இயக்கக் கோப்புகளைப் பட்டியலிட்டு எதைத் தொடங்க வேண்டும் என்று கேட்கும். கட்டளை வரியைத் தொடவே வேண்டியதில்லை.

மூன்றாவது வழியும் ஒன்று உண்டு. டூம் (1993) விளையாட்டின் மூல நிரலை ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் வெளியிட்டுவிட்டதால், அதை ஏஆர்எம் பிராசஸருக்கென்றே மறுபடி தொகுத்த செயலிகள் இருக்கின்றன. அத்தகைய விளையாட்டுகளை எமுலேட்டரில் ஓட்டுவது வீண் உழைப்பு.

ஆண்ட்ராய்டு, ஐபேட் இரண்டில் எது இதற்கு ஏற்றது?

ஆப்பிள் நெடுங்காலம் தன் கடையில் எமுலேட்டர்களை அனுமதிக்கவில்லை. 2024 ஏப்ரலில் பழைய விளையாட்டுக் கருவிகளுக்கான எமுலேட்டர்களுக்குக் கதவு திறந்தது. அதே ஆண்டிலேயே கணினி எமுலேட்டர்களும் உள்ளே வந்துவிட்டன. ஆகவே இன்று இரண்டிலும் வழி உண்டு. ஆனால் ஒரு வேறுபாடு எஞ்சியிருக்கிறது. எக்ஸ்86 கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து நடிப்பது மெதுவான முறை. ஒரு தொகுதிக் கட்டளைகளை ஓடும்போதே ஏஆர்எம் கட்டளைகளாக மாற்றி வைத்துக்கொண்டு அவற்றை நேரடியாக ஓட்டுவது பல மடங்கு வேகமானது. இந்த இரண்டாவது முறையை ஆண்ட்ராய்டு அனுமதிக்கிறது. ஆப்பிளின் கடையில் கிடைக்கும் எமுலேட்டர்களுக்கு அந்த அனுமதி இல்லை. 1990களின் முற்பகுதி விளையாட்டுகளுக்கு இதனால் எந்தக் குறையும் தெரியாது. பென்டியம் பிராசஸர் காலத்து (1990களின் பிற்பாதி) முப்பரிமாண விளையாட்டுகளில் ஐபேட் திணறுவதைக் காணலாம்.

மறுபுறம், பல ஐபேடுகளின் திரை 4:3 விகிதத்திலோ அதற்கு மிக அருகிலோ இருக்கிறது. பழைய கணினித் திரைகளின் வடிவமும் அதுவே.

விளையாட்டின் கோப்புகளைச் சட்டப்படி எங்கே பெறுவது?

எமுலேட்டரைப் பயன்படுத்துவதில் தவறில்லை. பிளேஸ்டேஷனுக்கான எமுலேட்டரை விற்ற கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் கனெக்டிக்ஸின் பக்கமே நின்றது. சிக்கல் விளையாட்டின் கோப்புகளில்தான் இருக்கிறது. ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்ற பெயரில் பழையவற்றை இலவசமாகத் தரும் தளங்கள் ஏராளம். ஆனால் விற்பனையை நிறுத்திவிட்டதால் பதிப்புரிமை போய்விடுவதில்லை. டாஸ் பிறந்ததே 1981இல்தான். பதிப்புரிமை அதைவிட மிக நீண்ட காலம் நிலைப்பது.

நேர்மையான வழிகள் போதுமான அளவுக்கு இருக்கின்றன. உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் நெகிழ்வட்டுகளும் குறுவட்டுகளும் முதல் வழி. 2008 முதல் பழைய விளையாட்டுகளை விற்றுவரும் ஜிஓஜி போன்ற கடைகள் இரண்டாவது. மூன்றாவதாக, உரிமையாளர்களே இலவசமாக விட்டுவிட்டவை: 1994இல் வெளிவந்த ‘பினீத் எ ஸ்டீல் ஸ்கை’, அதன் பின் வந்த ‘ஃபிளைட் ஆஃப் தி அமேசான் குயின்’ ஆகிய இரண்டையும் ஸ்கம்விஎம்மின் தளமே தருகிறது. முதன்முறை முயல்பவர்கள் இவற்றில் ஒன்றோடு தொடங்கினால், தவறு நேரும்போது அது கோப்பிலா, அமைப்பிலா என்று குழம்ப வேண்டியதில்லை. டூமின் முதல் பகுதி போல ‘ஷேர்வேர்’ ஆக, அதாவது ஒரு பகுதியை இலவசமாகப் பகிரலாம் என்ற அனுமதியோடு வெளியிடப்பட்டவையும் உண்டு.

கடையில் வாங்கியது விண்டோஸ் நிறுவல் கோப்பாக இருக்கிறது. அதை டேப்லெட்டுக்குக் கொண்டுபோவது எப்படி?

ஒரு விண்டோஸ் கணினியில் ஒருமுறை நிறுவி, உருவாகும் கோப்புறையை அப்படியே நகலெடுத்தால் போதும். கணினி லினக்ஸில் ஓடினால் இன்னோஎக்ஸ்ட்ராக்ட் என்ற நிரல் நிறுவாமலேயே கோப்புகளைப் பிரித்தெடுத்துத் தரும். உள்ளே டாஸ்பாக்ஸ் என்ற துணைக் கோப்புறை இருந்தால் அது விண்டோஸுக்கானது, உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் அருகில் இருக்கும் அமைப்புக் கோப்பை அழித்துவிடாதீர்கள். அதை ஒரு குறிப்பேட்டுச் செயலியில் திறந்தால், அந்த விளையாட்டுக்குப் பொருத்தமான வேகம், ஒலி அட்டை, தொடங்கும் கட்டளை ஆகியவை வரி வரியாக எழுதப்பட்டிருக்கும். கடைக்காரர்கள் சோதித்துக் கண்ட எண்கள் அவை. நீங்கள் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சில விளையாட்டுகளில் ‘ஜிஓஜி’ என்ற பின்னொட்டோடு ஒரு பெரிய கோப்பும் ‘ஐஎன்எஸ்’ என்ற பின்னொட்டோடு ஒரு சிறு கோப்பும் இருக்கும். குழப்பம் வேண்டாம்: பெரியது குறுவட்டின் பிம்பம், சிறியது அதில் எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் கியூ கோப்பு.

டாஸ்பாக்ஸ் திறந்ததும் கறுப்புத் திரையில் ‘இசட்’ என்ற எழுத்தோடு ஒரு வரி மட்டும் நிற்கிறது. அடுத்து என்ன?

அது டாஸ்பாக்ஸின் சொந்த வட்டு. அதில் உங்கள் விளையாட்டு இல்லை. டேப்லெட்டில் உள்ள ஒரு கோப்புறையை ‘சி’ வட்டாக அதற்குக் காட்டித் தர வேண்டும். மவுன்ட் (mount) என்று தட்டி, இடைவெளி விட்டு சி என்ற எழுத்தையும், மறுபடி இடைவெளி விட்டுக் கோப்புறையின் முழுப் பாதையையும் தட்டுங்கள். பிறகு சி எழுத்தோடு முக்காற்புள்ளி தட்டினால் அந்த வட்டுக்குள் நுழைவீர்கள். டிஐஆர் கட்டளை கோப்புகளைப் பட்டியலிடும். இஎக்ஸ்இ, காம், பேட் என்று முடிபவையே இயக்கக் கோப்புகள். பெயரைத் தட்டி என்டர் கொடுத்தால் விளையாட்டு தொடங்கும்.

டாஸில் கோப்பின் பெயர் 8 எழுத்துகளையும் பின்னொட்டு 3 எழுத்துகளையும் தாண்டக் கூடாது. ஆகவே நீளமான பெயரோ இடைவெளியோ இல்லாத கோப்புறையாகப் பெயரிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாதித் தலைவலி அங்கேயே நின்றுவிடும். இந்தக் கட்டளைகளை அமைப்புக் கோப்பின் இறுதியில் உள்ள தானியங்கிப் பகுதியில் ஒருமுறை எழுதிவைத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் தட்ட வேண்டியதில்லை.

விளையாட்டு கண்மண் தெரியாத வேகத்தில் ஓடுகிறது, அல்லது ஊர்ந்து செல்கிறது. எப்படிச் சரிசெய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் மிகுதியானது இதுதான். பலர் விளையாட்டையே கைவிடுவதும் இந்த இடத்தில்தான்.

முதல் ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே வேகக் கணினி இருந்த காலத்தில், பல விளையாட்டுகள் நேரத்தை அளக்கவே இல்லை. பிராசஸரால் முடிந்த வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. வேகமான கணினி வந்ததும் அவை ஆடமுடியாதவை ஆயின. ‘விங் கமாண்டர்’ (1990) இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு: இன்டெலின் 386 பிராசஸர் கொண்ட கணினியில் விறுவிறுப்பாக இருந்த வான்சண்டை, அடுத்த தலைமுறையான வேகமான 486இல் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும்.

டாஸ்பாக்ஸ் இந்த வேகத்தை ‘சைக்கிள்ஸ்’ என்ற எண்ணால் குறிக்கிறது; ஒரு மில்லிவினாடியில் எத்தனைக் கட்டளைகளை நடிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். தோராயமாக, முதல் ஐபிஎம் பிசிக்கு 300, 33 மெகாஹெர்ட்ஸ் 386க்கு 6000, 66 மெகாஹெர்ட்ஸ் 486க்கு 25,000 என்று வைத்துக்கொள்ளலாம். இயல்பாக இருக்கும் ‘ஆட்டோ’ நிலையில் எளிய டாஸ் விளையாட்டுகளுக்கு 3000 தரப்படும். ‘பாதுகாப்பு முறை’ என்ற, அதிக நினைவகத்தைப் பயன்படுத்தும் பிராசஸர் நிலையில் ஓடும் பிற்கால விளையாட்டுகளுக்கு டேப்லெட்டால் முடிந்த அளவு முழுவதும் தரப்படும். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு இது சரியாகவே அமையும். சரியாக அமையாதபோது விளையாட்டு வெளிவந்த ஆண்டைப் பாருங்கள். அந்த ஆண்டில் ஒரு நல்ல கணினி எது என்று யோசித்து, அதற்குரிய எண்ணிலிருந்து தொடங்குங்கள்.

விங் கமாண்டரில் நான் செய்தது இது. வெளி விசைப்பலகையை இணைத்து, பயிற்சிச் சண்டை ஒன்றைத் தொடங்கி, எதிரிக் கப்பல் என் முன்னே குறுக்காகக் கடக்கும்படி விட்டேன். 10,000இல் அது ஒரு கீற்றாக மட்டுமே தெரிந்தது. கன்ட்ரோல் விசையோடு எஃப்11 தட்டத் தட்ட எண் இறங்கியது. ஓரிடத்தில் கப்பலின் இறக்கைகளும் அது திரும்பும் சாய்வும் தனித்தனியாகக் கண்ணுக்குப் புலப்பட்டன, குறிவைக்க நேரமும் கிடைத்தது. அங்கேயே நிறுத்தி, அந்த எண்ணை விளையாட்டுக்குரிய அமைப்புக் கோப்பில் எழுதினேன். எஃப்12 எதிர்த்திசையில் ஏற்றும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி அமைப்புக் கோப்பு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே எண் என்பது நடவாத காரியம்.

ஊர்ந்து சென்றால் எண்ணைக் கூட்ட வேண்டும். ஆனால் ஓர் எல்லைக்குப் பின் கூட்டக் கூட்ட ஒலி விக்கத் தொடங்கும். டேப்லெட்டின் வலிமை அந்த இடத்தோடு முடிந்தது என்று பொருள். அப்போது எண்ணைச் சற்றே குறைத்துவிட்டு, விளையாட்டின் உள்ளே படத்தின் நுணுக்கத்தைக் குறைத்துப் பாருங்கள்.

விளையாட்டு ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லி நின்றுவிடுகிறது. கோப்பு பழுதா?

இல்லை. டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதப்பட்ட நிரல் அது. தொடங்கும்போது கணினியின் வேகத்தை அளந்து ஒரு வகுத்தல் செய்யும். கணினி மிக வேகமாக இருந்தால் விடை அதற்கென ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் நிரல் விழுந்துவிடும். சைக்கிள்ஸை இறக்கித் தொடங்குங்கள், ஓடிவிடும்.

ஒலி வரவில்லை, அல்லது பீப் சத்தம் மட்டும் வருகிறது.

பீப் சத்தம் வந்தால் விளையாட்டு உங்கள் கணினியில் ஒலி அட்டையே இல்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அக்காலத்தில் ஒலி அட்டை எது, எங்கே இருக்கிறது என்பதை ஆடுபவரே சொல்ல வேண்டும். கோப்புறையில் செட்டப், இன்ஸ்டால், சவுண்ட் போன்ற பெயரில் உள்ள நிரலை ஓட்டி, சவுண்ட் பிளாஸ்டர் அல்லது சவுண்ட் பிளாஸ்டர் 16 என்று தேர்ந்தெடுத்து, முகவரி 220, ஐஆர்க்யூ 7, டிஎம்ஏ 1 என்று கொடுங்கள் (அட்டை கணினியோடு பேசும் வழிகளின் எண்கள் இவை). டாஸ்பாக்ஸின் இயல்பான அமைப்பு இதுவே. சில விளையாட்டுகள் ஐஆர்க்யூவை 5 என்று தாமாகவே எடுத்துக்கொள்ளும். இசை வந்து வெடியோசையும் பேச்சும் வராமல் போவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

இசையில் இன்னும் ஒரு படி மேலே போகலாம். 1987இல் வந்த ஆட்லிப் அட்டையும் 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டரும் யமாஹாவின் ஒரே சில்லைக் கொண்டு 9 குரல்களில் இசைத்தன. அந்த உலோகச் சாயல் கொண்ட ஓசையே பலருக்கும் டாஸ் காலத்தின் நினைவு. ஆனால் 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் சியெரா என்ற விளையாட்டு நிறுவனத்தின் இசையமைப்பாளர்களும் அவர்களைப் போன்ற பிறரும் தம் பாடல்களை எழுதியது ரோலண்ட் எம்டி-32 என்ற விலையுயர்ந்த இசைக்கருவிக்காக. பெரும்பாலான வீடுகளில் அது இல்லை. இன்று மன்ட் என்ற எமுலேட்டர் அதை நடிக்கிறது. டாஸ்பாக்ஸ் பியூருக்குள்ளேயே அதைப் பயன்படுத்தலாம். ரோலண்டின் ரோம் கோப்புகள் (கருவியின் சில்லில் நிரந்தரமாகப் பதிந்தவற்றின் நகல்) தேவை, அவற்றுக்கும் பதிப்புரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். அக்கருவி உங்களிடம் இருந்தால் இந்த முயற்சியைத் தவறவிடாதீர்கள். பல ஆண்டுகள் ஆட்லிப்பில் கேட்டுப் பழகிய ஒரு முன்னிசையை எம்டி-32இல் முதன்முறை கேட்டபோது, அதன் அடியில் ஒரு தனிச் சரடாக ஓடிய குழலோசையை அதுவரை நான் கேட்டதே இல்லை என்று உணர்ந்து, அன்று மாலை விளையாட்டைத் தொடங்காமல் முன்னிசையையே நான்கு முறை ஓட்டினேன்.

புளூடூத் ஒலிக்கருவிகளில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். துல்லியமாகக் குதிக்கவும் சுடவும் வேண்டிய விளையாட்டுகளுக்குக் கம்பி இணைப்பு நல்லது.

படம் சப்பையாக, எல்லோரும் குண்டாக நடமாடுவதுபோல் தெரிகிறதே?

320×200 என்பதை 8:5 விகிதம் என்று எடுத்துக்கொண்டு எமுலேட்டர் காட்டுகிறது. அக்காலத்துத் திரையோ 4:3. அதே 200 வரிகள் திரையின் முழு உயரத்தையும் நிரப்பியதால், ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட 1.2 மடங்கு உயரமாக இருந்தது. ஓவியர்கள் அந்தத் திரையைப் பார்த்தே வரைந்தார்கள். அமைப்புகளில் ‘ஆஸ்பெக்ட்’ என்பதை இயக்கினால் முகங்கள் நீளும், வட்டம் வட்டமாகும். அகலத் திரை டேப்லெட்டில் இருபுறமும் கறுப்புப் பட்டை விழும். அதை மூடுவதற்காகப் படத்தை இழுத்து நிரப்பாதீர்கள்.

படம் துல்லியமாக வரவேண்டும் என்போர் முழு எண் பெருக்கத்தைத் தேடுவார்கள். 320ஐ 5ஆலும் 200ஐ 6ஆலும் பெருக்கினால் 1600×1200 கிடைக்கும். அது மிகச் சரியான 4:3. உங்கள் திரையில் அத்தனைப் புள்ளிகளுக்கு இடமிருந்தால் எந்தப் புள்ளியும் மங்காது.

பக்கவாட்டில் நகரும் காட்சிகள் அவ்வப்போது சொடுக்குவதுபோல் தெரிவதற்குக் காரணம் வேறு. விஜிஏ திரை வினாடிக்கு 70 முறை புதுப்பிக்கப்பட்டது. உங்கள் டேப்லெட் 60 முறை மட்டுமே புதுப்பித்தால் 7 படச்சட்டங்களில் (ஃபிரேம்) ஒன்று காணாமற்போகும். 120 ஹெர்ட்ஸ் திரையில் இது வெகுவாகக் குறையும்.

விசைப்பலகைக்காக எழுதிய விளையாட்டைத் தொடுதிரையில் ஆட முடியுமா?

சிலவற்றை முடியும், சிலவற்றை முடியாது என்பதே நேர்மையான விடை.

சாகச விளையாட்டுகளும் ‘சிவிலைசேஷன்’ (1991) போன்ற உத்தி விளையாட்டுகளும் டேப்லெட்டுக்கென்றே பிறந்தவை போலப் பொருந்தும். ஒரே ஒரு சிக்கல்: டாஸ் மவுஸ் தான் எங்கே இருக்கிறது என்று சொல்லாது, எவ்வளவு நகர்ந்தது என்று மட்டுமே சொல்லும். ஆகவே விரல் ஓரிடத்திலும் சுட்டி வேறிடத்திலும் நிற்கக்கூடும். அப்படி நேர்ந்தால் நேரடித் தொடுதலை விட்டுவிட்டு, மடிக்கணினியின் தொடுபலகை போலத் திரை முழுவதையும் தேய்த்து நகர்த்தும் முறைக்கு மாற்றுங்கள். விரல் சுட்டியை மறைக்காது என்பதால் சிறு பொருள்களைத் தொடவும் இதுவே வசதி.

ஓடிக் குதிக்கும் விளையாட்டுகள் மறுமுனையில் இருக்கின்றன. ‘கமாண்டர் கீன்’ (1990) விளையாட்டில் அம்பு விசையை அழுத்தியபடியே கன்ட்ரோலால் குதித்து, ஆகாயத்தில் இருக்கும்போதே ஆல்ட்டைத் தட்ட வேண்டிய கட்டங்கள் உண்டு. திரையில் வரைந்த பொத்தானுக்கு விளிம்பு இல்லை. விரல் அரை அங்குலம் வழுக்கினாலும் கை அதை உணராது, கண்ணோ பாத்திரத்தின் மீது இருக்கும். எத்தனைப் பழகினாலும் இது முழுவதுமாகத் தீராது. புளூடூத்திலோ கம்பியிலோ இணையும் ஒரு விளையாட்டுக் கைப்பிடியை வாங்கி, அதன் பொத்தான்களுக்கு அம்பு, கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ் ஆகியவற்றை ஒதுக்குங்கள். எமுலேஷனுக்காகச் செலவிடும் பணத்தில் இதுவே மிகப் பயனுள்ள செலவு.

விமான விளையாட்டுகள் ஏறத்தாழ எல்லா விசைகளையும் கேட்கும். அவற்றுக்கு முழு விசைப்பலகை வேண்டும். சில டேப்லெட்டுகளில் எஸ்கேப் விசையை அழுத்தினால் இயங்குதளம் அதைப் ‘பின்செல்’ என்று எடுத்துக்கொண்டு விளையாட்டை மூடிவிடும். சண்டை நடுவே அறிந்துகொள்வதற்கு முன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

குறுவட்டு விளையாட்டில் எல்லாம் சரி, இசை மட்டும் இல்லை.

குறுவட்டை ஐஎஸ்ஓ கோப்பாக நகலெடுத்திருப்பீர்கள். அக்கால விளையாட்டுகள் பலவற்றில் முதல் தடத்தில் தரவும், அடுத்த தடங்களில் சாதாரண இசைத்தட்டு போல இசையும் இருந்தன. ஐஎஸ்ஓவில் தரவுத் தடம் மட்டுமே இடம்பெறும். ‘பின்’ (BIN), ‘கியூ’ (CUE) என்ற பின்னொட்டுகள் கொண்ட இரு கோப்புகளாக மறுபடி நகலெடுத்து, இம்ஜ்மவுன்ட் (imgmount) கட்டளையால் கியூ கோப்பைச் சுட்டுங்கள்.

கையேட்டின் ஒரு பக்கத்தில் உள்ள சொல்லைக் கேட்டு விளையாட்டு நிற்கிறது.

நகலெடுப்பதைத் தடுக்க அக்காலத்தில் கையாண்ட முறை அது. கடைகளில் வாங்கும் பிரதியோடு கையேட்டின் மின்வடிவமும் பெரும்பாலும் தரப்படும். வாங்கியபோதே அதையும் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

விளையாட்டைப் பாதியில் நிறுத்தித் தொடர்வதற்கு எந்தச் சேமிப்பை நம்புவது?

இரண்டு வகைச் சேமிப்புகள் உண்டு. விளையாட்டின் உள்ளே இருக்கும் சேமிப்பு, அதன் கோப்புறையில் ஒரு சிறு கோப்பாக எழுதப்படும். அதை எந்த எமுலேட்டருக்கும், மேசைக் கணினிக்கும்கூட எடுத்துச் செல்லலாம். எமுலேட்டர் தரும் நிலைச் சேமிப்பு, நடிக்கப்படும் கணினியின் நினைவகம் முழுவதையும் அந்தக் கணத்தில் உறையவைப்பது. எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்பது அதன் வசதி. செயலியின் அடுத்த பதிப்பு அதைத் திறக்க மறுக்கலாம் என்பது அதன் அபாயம். பேருந்தில் இறங்கும் அவசரத்துக்கு நிலைச் சேமிப்பு, நாள் முடிவில் விளையாட்டின் சேமிப்பு என்பது நல்ல பழக்கம்.

இன்னொன்றை அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு எமுலேட்டர் சரியாகத் திறக்கவில்லை என்று அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். ஆண்ட்ராய்டில் செயலியை நீக்கினால் அதற்கென ஒதுக்கப்பட்ட கோப்புறையும் சேர்ந்தே அழிந்துவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் செயலிகள் பொதுச் சேமிப்பகத்தைத் தொடுவதற்குக் கட்டுப்பாடு வந்ததால், பல எமுலேட்டர்கள் விளையாட்டுகளை அந்தக் கோப்புறைக்குள்தான் வைக்கின்றன. மூன்று மாத வார இறுதிகளில் வளர்த்த ஒரு கதையின் சேமிப்புகள் அனைத்தும் ஒரே தட்டலில் போயின. அன்றுமுதல் ஞாயிறுதோறும் விளையாட்டுக் கோப்புறைகளை வேறிடத்துக்கு நகலெடுக்கிறேன். டாஸ்பாக்ஸ் பியூர் பயன்படுத்துவோர், மாற்றங்கள் மூல ஜிப்பில் எழுதப்படாமல் ரெட்ரோஆர்ச்சின் சேமிப்புக் கோப்புறையில் தனி ஜிப்பாக இருக்கும் என்பதைக் கவனித்து, அதை நகலெடுக்க வேண்டும்.

விண்டோஸ் விளையாட்டுகளும் ஓடுமா?

விண்டோஸ் 3.1க்கு எழுதியவை சுலபம்: உங்களிடம் அதன் நிறுவல் வட்டு இருந்தால் டாஸ்பாக்ஸுக்குள்ளேயே நிறுவலாம். விண்டோஸ் 95, 98 ஆகியவற்றை டாஸ்பாக்ஸ் பியூருக்குள் நிறுவ முடியும், 3டிஎஃப்எக்ஸ் வூடூ என்ற அக்கால முப்பரிமாணத் திரை அட்டையைக்கூட அது நடிக்கும். ஆனால் முப்பரிமாண விளையாட்டுகளுக்கு வலிமையான டேப்லெட் வேண்டும். ஆண்ட்ராய்டில் வின்லேட்டர் என்ற செயலி வேறு வழியில் செல்கிறது: பாக்ஸ்64 எக்ஸ்86 கட்டளைகளை மாற்றித் தர, 1993இல் தொடங்கிய ஒயின் திட்டம் விண்டோஸின் பணிகளைச் செய்து தருகிறது. விளையாட்டுக்கு விளையாட்டு பலன் மாறும், பொறுமை தேவை.

டாஸ் அல்லாத பிற கணினிகள்?

1982இல் வந்த கொமடோர் 64க்கு வைஸ் என்ற எமுலேட்டரும், அதே ஆண்டின் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரத்துக்குப் பலவும் இருக்கின்றன. ஸ்பெக்ட்ரத்தின் ரோமை எமுலேட்டர்களோடு பகிர்வதற்கு அப்போதைய உரிமையாளரான ஆம்ஸ்ட்ராட் இசைந்ததால் அங்கே சிக்கலில்லை. கொமடோரின் மற்றொரு கணினியான அமிகாவுக்கோ, அதைத் தொடக்கும் கிக்ஸ்டார்ட் ரோமைச் சட்டப்படி வாங்க வேண்டும். அமிகா ஃபாரெவர் என்ற தொகுப்பில் அது கிடைக்கும். ஐரோப்பாவில் எழுதிய அமிகா, கொமடோர் விளையாட்டுகளை 50 ஹெர்ட்ஸ் ‘பால்’ (PAL, ஐரோப்பியத் தொலைக்காட்சி முறை) நிலையில் ஓட்டுங்கள். 60இல் ஓட்டினால் இசையும் ஆட்டமும் ஐந்தில் ஒரு பங்கு விரைந்துவிடும்.

டேப்லெட் சூடாகிறது, மின்கலம் விரைவில் தீர்கிறது.

சைக்கிள்ஸ் ‘மேக்ஸ்’ நிலையில் இருந்தால், ஒன்றுமே நடக்காத தொடக்கத் திரையிலும் பிராசஸர் முழு மூச்சில் உழைக்கும். விளையாட்டுக்குப் போதுமான எண்ணை நிலையாகக் கொடுங்கள்.

அலமாரியில் பழைய நெகிழ்வட்டுகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து விளையாட்டை மீட்க முடியுமா?

முடியக்கூடும், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். காந்தப் பூச்சு ஆண்டுக்கு ஆண்டு வலுவிழக்கிறது. 3.5 அங்குல வட்டுகளுக்கு யுஎஸ்பியில் இணையும் வட்டு இயக்கி (டிரைவ்) போதும். முதலில் மூலையில் உள்ள சிறு நழுவுதட்டை நகர்த்தித் துளை திறந்திருக்கும்படி செய்யுங்கள். அப்போது வட்டில் எதுவும் எழுதப்பட முடியாது. உலோகக் கதவை விலக்கி உள்ளே பாருங்கள். பழுப்பு வட்டில் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதை இயக்கியில் செருகினால் படிக்கும் முனையும் கெட்டு, அடுத்து வரும் நல்ல வட்டுகளையும் சுரண்டிவிடும். சுத்தமான வட்டுகளைக் கோப்பு கோப்பாக எடுக்காமல் முழுப் பிம்பமாக நகலெடுங்கள். 5.25 அங்குல வட்டுகளுக்கும் நகல் தடுப்புள்ள வட்டுகளுக்கும் பழைய இயக்கி ஒன்றும், கிரீஸ்வீசில் போலக் காந்த அலைவுகளை அப்படியே பதிவுசெய்யும் பலகை ஒன்றும் தேவைப்படும். ஒரு வட்டு முதல் முறை படிக்காவிட்டால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். முனையைச் சுத்தம் செய்துவிட்டு மறுபடி செருகியபோது மூன்றாம் முயற்சியில் முழுதாகப் படித்த வட்டுகள் என்னிடமே இருக்கின்றன.